தீபாவளிக்கு ஒரு மாத்திரை கூடப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. மதுரை விளாங்குடியில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். காலை, இரவு மெட்ஃபார்மின் 500 மி.கி. போடுகிறேன். ஜூனிலிருந்து தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரி) 7.8-லிருந்து 6.9-க்கு இறங்கியிருக்கிறது. போன வருடம் தீபாவளி தொடங்கிப் பொங்கல் முடிவதற்குள் 3 கிலோ ஏறிவிட்டது, நடையும் நின்றுபோனது. இந்த முறை தீபாவளியன்று மட்டும் ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்ளலாமா? அதிரசத்தைக் கருப்பட்டியில் செய்தால் சாப்பிடலாமா?

பதில்: கூடுதல் மாத்திரை வேண்டாம் டீச்சர். கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுவதைக் குறைப்பதுதான் மெட்ஃபார்மினின் முக்கிய வேலை. காலையில் சாப்பிட்ட லட்டைத் துரத்திப் பிடிக்க அதற்குத் தெரியாது. கூடப் போட்டால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கிற நாளில் அது வேறு எதற்கு? இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிற கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுகிறவர்கள் இந்த யோசனை பக்கமே போகக் கூடாது. கூடுதலாகப் போட்டுவிட்டு, சாப்பாடும் தள்ளிப்போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரை போய்விடும்.

கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாமே பெரும்பகுதி சர்க்கரைதான். உங்கள் குளுக்கோமீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. அதிரசத்தில் பச்சரிசி மாவும் எண்ணெயும் வேறு சேருகின்றன. கருப்பட்டி ருசிக்காகச் செய்யுங்கள், அது நியாயமான காரணம். ஆனால் ஒரே ஒரு அதிரசம்தான். கடையில் 'சுகர் ஃப்ரீ' என்று எழுதி விற்கிற இனிப்பிலும் நெய், கோவா, மாவு எல்லாம் அப்படியே இருக்கும்.

அந்த 3 கிலோவைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும் என்பது தோராயக் கணக்கு. 3 கிலோ என்றால் 23,000 கலோரி. தீபாவளி ஒரு நாளில் யாராலும் இவ்வளவு சாப்பிட முடியாது. பொங்கல் வரை சுமார் 80 நாள் என்று வைத்தால் தினமும் 290 கலோரி போல வரும். அரை மணி நேர நடைக்கு உங்கள் வயதில் 120 கலோரி அளவில் செலவாகும். நடை நின்றதால் அது அப்படியே தங்கிவிட்டது. மீதி 170-க்கு ஒரு கைப்பிடி முறுக்கு போதும். எண்ணெயில் பொரித்த பலகாரம் 100 கிராமுக்கு 500 கலோரி வரை இருக்கும். பள்ளியிலிருந்து பசியோடு வந்து, டீ போட்டு, சம்படத்தைத் திறந்து, 'இது இனிப்பு இல்லையே' என்று நாலு எடுத்துக்கொள்வது. கணக்கு முடிந்தது.

அதனால் தீபாவளியன்று உங்களைக் கட்டிப்போட எனக்கு விருப்பமில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வெறும் வயிற்றில் இனிப்பை வாயில் போடுவதை மட்டும் விடுங்கள். லேகியம் சுண்டைக்காய் அளவு போதும். அதுவும் வெல்லமும் நெய்யும்தான், தின்றதை எல்லாம் செரித்துவிடும் மருந்தல்ல. மதுரை வீடுகளில் அன்று காலை இட்லியும் கறிக்குழம்பும் இல்லாமல் இருக்காது. மூன்று இட்லியோடு நிறுத்தி, குழம்பில் கறியைக் கூடுதலாக எடுத்து, மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்குங்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டு, அப்புறம் பிடித்த இனிப்பு ஒன்று. புரதத்துக்குப் பின்னால் போகிற இனிப்பு சர்க்கரையைக் கொஞ்சம் நிதானமாகத்தான் ஏற்றும். கேதார கௌரி நோன்பு இருக்கிற வழக்கம் உண்டென்றால், பட்டினி நேரத்து மாத்திரையை என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கண்டிப்பு எல்லாம் மறுநாளிலிருந்து. வந்த பலகாரத்தை இரண்டு நாளில் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். பள்ளி ஸ்டாஃப் ரூம் இருக்கிறது, வீட்டு வேலைக்கு வருகிற அம்மா இருக்கிறார். மிச்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு டைனிங் டேபிளில் வைக்காதீர்கள். பொரித்த எண்ணெயை 'வீணாகுமே' என்று திரும்பத் திரும்பக் காய்ச்சவும் வேண்டாம். மாலை டீக்கு நவராத்திரிச் சுண்டலையே தொடரலாமே! நம் பண்டிகைப் பலகாரங்களில் சர்க்கரைக்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. கொலு இறங்கியதும் அதையும் ஏன் நிறுத்துகிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நடை நின்றதற்குக் காரணம் எழுதவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைதான் பாதிக் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அரை மணி நேரத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம் என்று பிரித்தாலும் சரி. சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரைக்கு அதுவே நல்லது. வேலை செய்கிற தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். மழை பெய்தால் வீட்டுக் கூடமே போதும். துணி எடுக்க விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் போகிற அன்று, கூட்டம் சேருவதற்கு முன்பே போய் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியிருக்கும் சித்திரை வீதிகளை ஒரு சுற்று சுற்றுங்கள், ஒரு கிலோமீட்டர் அளவில் வரும். ஆனால் கடையில் நின்றுகொண்டு புடவை பார்த்த நேரத்தை நடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை வெடிப் புகை தங்கியிருக்கும், அன்று மட்டும் வெளியே போக வேண்டாம். மார்கழி வந்துவிட்டால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வரலாம். பிரசாதப் பொங்கல் ஒரு கரண்டி, தொன்னை நிறைய அல்ல.

தீபாவளி முடிந்த வாரமே எச்பிஏ1சி எடுத்துப் பயப்படாதீர்கள். அது இரண்டு மூன்று மாதச் சராசரி. ஜனவரிக் கடைசியில் எடுங்கள். அதுவரை வாரம் இரண்டு நாள் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்து, 180-க்குள் இருக்கிறதா என்று குறித்து வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து 200-ஐத் தாண்டினால், பொங்கல் வரட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்தக் குறிப்போடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.