அலெஃபும் நம் ஆவும்

கேள்வி: தமிழில் 'ஆ' என்றால் பசு. கிரேக்கரின் முதல் எழுத்தான 'ஆல்ஃபா'வுக்கு மூலமான 'அலெஃப்' என்ற சொல்லுக்கும் மாடு என்றே பொருள். முதல் எழுத்தை உலகுக்குத் தந்தது தமிழ்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பதில்: வேண்டும். நீங்கள் சொல்வது சான்றே அல்ல.

அலெஃப் என்றால் எருது என்பது உண்மை. ஆங்கிலப் பெரிய 'ஏ'யைத் தாளில் எழுதித் தலைகீழாகத் திருப்புங்கள். இரண்டு கொம்போடு மாட்டுத் தலை தெரியும். சினாய் தீபகற்பத்தின் செராபித் எல் காதிமில் 1905-ல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த கல்வெட்டுகளில் அந்தத் தலை அப்படியே இருக்கிறது. வயது 3,500 ஆண்டுகளுக்குக் குறையாது.

அந்த எழுத்தை ஆக்கியவர்கள் ஒரு பொருளை வரைந்து, தங்கள் மொழியில் அதன் பெயருக்குள்ள முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நீரலையை வரைந்தார்கள், அவர்களுக்கு நீர் 'மேம்', ஆகவே அது 'ம்'. ஆங்கில 'எம்' இன்றும் அலையாகத்தான் நெளிகிறது. தலைக்கு 'ரேஷ்', ஆகவே 'ர்'. தமிழர் செய்திருந்தால் அலை 'ந்' ஆகியிருக்கும், தலை 'த்' ஆகியிருக்கும். மாட்டுக்கு மட்டும் தமிழில் பெயர் வைத்துவிட்டு, மீதி எல்லாவற்றுக்கும் எபிரேயமும் அரபும் சேர்ந்த செமிட்டிக் குடும்பத்து மொழிக்குப் போனார்களா?

அலெஃபும் அந்தக் குடும்பத்துச் சொல்லேதான். அதே குடும்பத்துப் பழைய மொழியான அக்காடியத்தில் எருது 'அல்பு'. நம் 'ஆ'வில் அந்த லகரமும் பகரமும் எங்கே? இன்னொன்று: அலெஃபின் முதல் ஒலி உயிரே அல்ல, தொண்டையை அடைத்துத் திறக்கும் ஒரு மெய். அந்த ஒலி கிரேக்கரிடம் இல்லை. அதனால் எழுத்தை உயிருக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிறந்தபோது அதற்கு 'அ' என்ற ஒலியே கிடையாது.

நம் 'காசு'தான் ஆங்கில 'கேஷ்' ஆனது என்று சிலர் சொல்வார்களே, அதுவும் பாதிதான் சரி. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் லத்தீன் 'காப்ஸா'வின் வழிவந்தது. கீழை நாடுகளின் சிறு நாணயத்தை ஐரோப்பியர் 'கேஷ்' என்றார்களே, அதுதான் போர்த்துகீசியர் வாய்வழி போன நம் காசு. எழுத்துக்கூட்டல் ஒன்று, சொற்கள் இரண்டு.

உங்கள் மொழிப்பற்று எனக்கும் உண்டு. அதனால்தான் இவ்வளவு கடுமையாக மறுக்கிறேன். தமிழ் மண்ணின் சொல் எவ்வளவு தூரம் நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் இஞ்சியைப் பிடித்துக்கொண்டு போங்கள். பழைய பாலி மொழியில் 'சிங்கிவேர', அதில் நம் 'வேர்' அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்'. லத்தீனைக் கடந்து ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. போன வழியெல்லாம் தடம் இருக்கிறது.