தோட்டா வேன் தார் ரோட்டோடு நின்றால் என்ன செய்வது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் சிறிய கல்குவாரி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தோட்டா (பாறை உடைக்கும் வெடிமருந்துக் குச்சி) கொண்டுவரும் சப்ளையரின் வேன் தார் ரோட்டோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து குவாரிக்கு 4 கிலோமீட்டர் மண் ரோடு. மழை பெய்தால் வண்டி புதைந்துவிடும் என்கிறார் டிரைவர். அதனால் பெட்டிகளை எங்கள் கம்ப்ரசர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். பத்து நிமிஷ ஓட்டம்தான். இது தப்பா? மிஞ்சுகிற தோட்டாவை ஷெட்டில் பூட்டி வைக்கலாமா? பழைய எலக்ட்ரிக் டெட்டனேட்டர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சிறு குழாய்) ஒரு பெட்டி கிடக்கிறது, அதை என்ன செய்வது?"

தப்புதான். மூன்று கேள்விகளில் முதல் கேள்விதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. சப்ளையரின் மேகசினிலிருந்து, அதாவது வெடிபொருள் கிடங்கிலிருந்து, தார் ரோடு வரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. உரிமம் உள்ள வேன், தீயணைப்பான், பாஸ், பயிற்சி பெற்ற டிரைவர். அத்தனையும் அந்தத் திருப்பத்தில் இறங்கிக்கொள்கின்றன. கடைசி 4 கிலோமீட்டருக்குத் தோட்டா மட்டும் தனியாக வருகிறது.

கம்ப்ரசர் டிராக்டரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பின்னால் கம்ப்ரசர், பக்கத்தில் சூடான சைலன்சர், கால் வைக்கிற இடத்தில் டீசல் கேன், ஜாக்ஹாமர், ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வரும் துளைக் கம்பிகள், மூடி இல்லாத பேட்டரி. நான் ஒரு குவாரியில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போனபோது அப்படி ஒரு வண்டி வந்து நின்றது. 25 கிலோ அட்டைப்பெட்டியின் மேல் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். டெட்டனேட்டர் எங்கே என்று கேட்டேன். டிரைவர் டூல்பாக்ஸைத் திறந்தார். ஸ்பேனர்களுக்கு நடுவே, ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் சுற்றியிருக்கிறார். அன்று எடுக்க வேண்டிய வகுப்பை விட்டுவிட்டு, அந்தத் துண்டைப் பற்றியே பேசினேன்.

இன்று குவாரிகளில் வரும் எமல்ஷன் தோட்டா ஓரளவு மந்தமானது. சாதாரணமாகக் கையாண்டால் தானாக வெடிக்காது. அது வெடிக்க டெட்டனேட்டர் வேண்டும். டெட்டனேட்டருக்குள் இருக்கும் மருந்தோ கொஞ்சம்தான், ஆனால் அடி, உரசல், சூடு, நிலைமின்சாரம் எதையும் தாங்காது. இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் வரை ஒன்றில் தவறு நடந்தாலும் சேதம் அதோடு நிற்க வாய்ப்பு உண்டு. ஒரே வண்டியில், ஒரே பெட்டியில், ஒருவர் மடியில் இரண்டும் சேர்ந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விட்டது. வெடிபொருள் விதிகளில் பாதி இந்தப் பிரிவைக் காப்பாற்றத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும், அதன் கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளும். நடைமுறைப்படுத்துவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு; நமக்குச் சென்னை அலுவலகம். தோட்டாவை இருப்பு வைக்க எல்.ஈ.-3 உரிமம், ரோட்டில் கொண்டுபோக எல்.ஈ.-7 உரிமம் பெற்ற வேன். வாங்குவதற்கு ஆர்.ஈ.-11 என்ற இண்டென்ட் (தேவைப் படிவம்), வண்டியோடு வரவேண்டியது ஆர்.ஈ.-12 என்ற பாஸ். அந்த பாஸில் எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று இருக்கும். தார் ரோட்டுத் திருப்பம் அதில் இருக்காது. வேனின் உரிமம் உங்கள் டிராக்டருக்கு மாறிவிடாது, தூரம் 4 கிலோமீட்டரானாலும் சரி, 400 மீட்டரானாலும் சரி.

டிரைவர் விஷயமும் உண்டு. அபாயகரமான சரக்கு ஓட்டுபவர் மத்திய மோட்டார் வாகன விதி 9ன்படி மூன்று நாள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் அதைப் பதிந்திருக்க வேண்டும். உங்கள் டிராக்டர் டிரைவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இந்தப் பதிவு இருக்காது.

சரி, வழி என்ன? மூன்று சொல்கிறேன், முதலாவதுதான் நிரந்தரம். ரோட்டைப் போடுங்கள். சக்கைக் கல்லும் கிராவலும் உங்களிடமே இருக்கின்றன, உங்கள் லாரிகளுக்கும் அது உதவும். இரண்டாவது, பிக்கப் சேஸில் கட்டிய சிறிய உரிம வேன்கள் இருக்கின்றன, அப்படி ஒன்றை அனுப்பச் சொல்லி சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது, மழை நாளில் வெடி வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஒரு நாள் உற்பத்தி போகும், அவ்வளவுதான்.

வேன் உள்ளே வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2021 மே 8 அன்று ஆந்திராவின் கடப்பா மாவட்டம் மாமிள்ளபல்லெ குவாரியில் 10 பேர் இறந்தது வெடி வைக்கும்போது இல்லை, ஜெலட்டின் குச்சிகளை வண்டியிலிருந்து இறக்கும்போது. 2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே 3 தொழிலாளர்கள் இறந்ததும் அதே போல வண்டியிலிருந்து இறக்கும் வேலையில்தான். இறக்குவதைக் கூலி வேலையாக நினைக்கிறோம். குவாரியிலேயே அதிகக் கவனம் வேண்டிய வேலைகளில் அது ஒன்று.

இறக்குவது பகல் வெளிச்சத்தில்தான். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு கதவைத் திறக்க வேண்டும். 18 வயது ஆகாதவர்களும் குடித்தவர்களும் கிட்டே வரக்கூடாது, இது விதியிலேயே இருக்கிறது. பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாம் தூரத்தில் ஒரு டப்பாவில். பெட்டியைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். இழுப்பது, உருட்டுவது, கொக்கி போடுவது எதுவும் வேண்டாம். பெட்டியை அரிவாளால் கொத்தித் திறப்பதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். தீப்பொறி வராத மர அல்லது பித்தளைக் கருவி போதும். டெட்டனேட்டர் தனி ஆள், தனிப் பெட்டி, தனி நேரம். முதல் சரக்கு இறங்கி முடிந்து, அதைத் தூக்கியவர்கள் விலகிய பிறகு அடுத்தது. வானம் இருட்டி இடி கேட்டால் அப்படியே நிறுத்திவிட்டு எல்லாரும் விலகிவிட வேண்டும். மின்சாரம் இல்லாமல் இயங்கும் நோனல் டெட்டனேட்டரும் மின்னலுக்கு விலக்கில்லை.

வண்டியில் தீப்பிடித்தால்? எஞ்சினிலோ டயரிலோ சின்னதாக ஆரம்பித்தால் தீயணைப்பானை எடுங்கள். சரக்கு இருக்கும் அறையை எட்டிவிட்டதென்றால் அணைக்க நிற்காதீர்கள். ஆட்களை விலக்கி, ரோட்டை இரு பக்கமும் மறித்து, 112க்குச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்க வருபவர்களைத் தடுப்பதுதான் அப்போது முதல் வேலை.

இரண்டாவது கேள்வி, மிஞ்சும் தோட்டா. ஷெட் மேகசின் ஆகாது, எத்தனை பூட்டுப் போட்டாலும். மேகசினுக்கு அங்கீகரித்த வரைபடம் உண்டு, சுற்றி விடவேண்டிய பாதுகாப்புத் தூரம் உண்டு, மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று உண்டு. உங்களுக்கு அது இல்லையென்றால், வெடி வைத்த அன்றே மிச்சத்தை எண்ணி, வந்த வேனிலேயே கணக்கெழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். துளைகளை முதலில் எண்ணி, தேவைக்கு மட்டும் இண்டென்ட் போட்டாலே பெரும்பாலும் மிச்சம் வராது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணறு வெட்ட நாலு தோட்டா கேட்பார், சொந்தக்காரராகவும் இருப்பார். கொடுக்காதீர்கள். அங்கே ஒரு விரல் போனாலும் உயிர் போனாலும் அந்தத் தோட்டாவின் பெட்டி எண் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் உடனே போலீஸுக்கும் பெசோவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக அந்தப் பழைய பெட்டி. எலக்ட்ரிக் டெட்டனேட்டரைத் தயாரிப்பது, வைத்திருப்பது, இறக்குமதி செய்வது எல்லாமே 2025 ஏப்ரல் 1 முதல் நாட்டில் தடை. உங்கள் ஷெட்டில் அது கிடப்பதே இப்போது குற்றம். பயந்துபோய் எரிக்கவோ புதைக்கவோ கிணற்றில் போடவோ நினைக்காதீர்கள். 2021 பிப்ரவரியில் கர்நாடகாவின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில், கையில் இருந்த ஜெலட்டினை அப்புறப்படுத்தப் போன இடத்தில் 6 பேர் இறந்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம், வயரைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம். ஷெட்டைப் பூட்டி, அந்தப் பக்கம் ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள். பெட்டியின் மேல் தெரியும் கம்பெனி பெயர், தேதி, எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சென்னை பெசோ அலுவலகத்துக்கும் உங்கள் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், சப்ளையருக்கும் ஒரு நகல். நேர்மையாக ஒப்படைக்கிறோம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு மட்டும் போய்விடாதீர்கள். அவர்கள்தான் உங்கள் இடத்துக்கு வர வேண்டும்.