டஸ்கனிக்குப் பதிலாக பசிலிக்காத்தா

வணக்கம்.

மே கடைசியில் நானும் மனைவியும் அம்மாவும் இத்தாலி போகிறோம். ரோம் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம் கையில் இருக்கிறது. டிராவல்ஸ்காரர் ‘டஸ்கனி கிராமங்கள்’ என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார். நாளுக்கு இரண்டு ஊர், ஒயின் டேஸ்டிங், ஒரு சமையல் வகுப்பு. நாங்கள் மூவரும் சைவம், முட்டைகூடக் கிடையாது. ஒயினும் தொடுவதில்லை.

தெற்கே பசிலிக்காத்தா பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தேன். போகலாம் என்று தோன்றியது. ஆனால் அதில் ஏழைகளின் சாப்பாட்டை நீங்கள் சிலாகித்தது உறுத்தியது. எங்கள் தாத்தா வீட்டில் மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ்தான். இன்று ஸ்டார் ஹோட்டலில் அதை மண்சட்டியில் ஊற்றிக் கொடுக்கிறார்கள், அம்மா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்னொருவர் பசியைப் பணம் கொடுத்து ருசி பார்ப்பது என்ன ரசனை? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் அம்மா கூழைத் திரும்பிப் பார்க்காததில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. வேறு வழியில்லாமல் குடித்ததை ஆசையோடு நினைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரையும் சொல்ல முடியாது. நான் சிலாகித்தது பசியை அல்ல, சமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தை. பசிலிக்காத்தாவில் இரண்டும் ஒரே தட்டில் வரும். வறுமையை மறைத்துவிட்டு அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே முடியாது. டஸ்கனியை விட்டுவிட்டு அங்கே போங்கள் என்று சொல்ல இது ஒரு காரணம். இன்னொன்று வயிறு சம்பந்தப்பட்டது: இறைச்சி வாங்க வசதியில்லாதவர்கள் உருவாக்கிய சமையலில் சைவக்காரர்களுக்கு இடம் தாராளமாக இருக்கும்.

இத்தாலியை ஒரு பூட்ஸ் என்பார்கள் இல்லையா, அதன் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே உள்ள வளைவுதான் பசிலிக்காத்தா. சுமார் 10,000 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 5.5 லட்சத்துக்கும் குறைவு. பெரும்பாலும் மலையும் குன்றும்தான். பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் வட இத்தாலிக்கும் போனவர்கள் போக, மிஞ்சியவர்கள் இவ்வளவு பேர். குன்றின் உச்சியில் ஓர் ஊர், அடுத்த குன்றில் இன்னோர் ஊர், நடுவே கோதுமை வயல். மே கடைசியில் அந்த வயல்கள் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். வெயிலும் கொல்லாது.

முதலில் மாத்தேராவுக்குப் போங்கள். கிராவினா என்ற ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து கட்டிய பழைய ஊர் அது. அந்தப் பகுதிக்கு சாஸ்ஸி என்று பெயர். ஒரு வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்காரருக்கு வாசல். சூரியன் சாயும்போது அந்தக் கல் முழுக்கத் தேன் நிறமாகிவிடும், எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள். நீங்களும் எடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் வீக்கோ சொலித்தாரியோவில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் குகை வீட்டைப் பார்த்துவிடுங்கள். ஒரே குகைக்குள் குடும்பமும் கோவேறு கழுதையும் கோழியும் சேர்ந்து வாழ்ந்தது அப்போதுதான் புரியும். கட்டிலை ஏன் அவ்வளவு உயரமாகப் போட்டார்கள் என்பதும் புரியும். அதன் அடியில்தான் கோழி.

கார்லோ லெவி என்ற ஓவியரை முசோலினி அரசு 1935இல் இந்தப் பிரதேசத்துக்கு அனுப்பிக் காவலில் வைத்தது. அவர் டாக்டருக்கும் படித்தவர். அவரைப் பார்க்க வந்த அக்கா லூயிசாவும் டாக்டர்தான். வரும் வழியில் மாத்தேராவில் அவர் பின்னால் பிள்ளைகள் கூட்டமாக ஓடிவந்தார்கள். காசுக்காக என்று நினைத்தார். அவர்கள் கேட்டது க்வினைன். அவ்வளவு மலேரியா. அக்கா சொன்ன இந்தக் காட்சியை லெவி 1945இல் வெளியான தன் நூலில் எழுதினார். அரசியல்வாதிகள் அந்த இடத்தை ‘தேசத்தின் அவமானம்’ என்றார்கள். 1952இல் சட்டம் போட்டு சுமார் 15,000 பேரைப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். காலியாகக் கிடந்த குகைகளை 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் மாத்தேரா ஐரோப்பாவின் கலாச்சாரத் தலைநகர். இன்று அதே குகைகளில் குளியல் தொட்டி வைத்த ஹோட்டல் அறைகள். உங்கள் மண்சட்டிக் கூழின் கதைதான், கல்லில் நடந்திருக்கிறது. உங்களுக்கு உறுத்தியது அங்கேயும் உறுத்தும். உறுத்தட்டுமே. அது இல்லாமல் மாத்தேராவைப் பார்த்தால் வெறும் போட்டோதான் மிஞ்சும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

மாத்தேரா ரொட்டியை இரண்டு கிலோ அளவில்கூடச் சுடுகிறார்கள். மாவு டூரம் கோதுமை, நம் ரவை எடுக்கும் கெட்டிக் கோதுமை மாதிரிதான். மேலே தடித்த பொருக்கு, உள்ளே மஞ்சள். ஒரு வாரம் வைத்துத் தின்னலாம். அந்தக் காலத்தில் மாவை வீட்டில் பிசைந்து பொது அடுப்புக்கு அனுப்புவார்கள். யாருடைய ரொட்டி யாருடையது என்று தெரிய, குடும்பத் தலைவரின் முதலெழுத்தைச் செதுக்கிய மர முத்திரையை மாவில் பதிப்பார்கள். ஆடு மேய்ப்பவர்கள் பொழுதுபோக்காகச் செதுக்கிய அந்த முத்திரைகள் இப்போது கடைகளில் நினைவுப் பொருளாக விற்கின்றன, வாங்கலாம். காய்ந்துபோன ரொட்டியையும் வீணாக்குவதில்லை. தண்ணீர் தெளித்து, தக்காளி, வெங்காயம், ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய் போட்டுப் பிசறினால் அது சல்லெத்தா. வெயில் நாளில் அதைவிட நல்ல மதியச் சாப்பாடு எனக்குத் தெரியாது.

அப்புறம் மிளகாய். செனீசே என்ற ஊரைச் சுற்றி விளையும் நீளமான சிவப்பு மிளகாய், காரமே கிடையாது. தோல் மெல்லியது, நீர்ச்சத்து குறைவு, அதனால் வெயிலில் அழுகாமல் காயும். காம்பும் பழத்தை விட்டுச் சுலபமாகக் கழன்றுவிடாது. காம்பில் நூல் கோத்துச் சரம் சரமாகச் சுவரில் தொங்கவிடுவார்கள். அறுவடை ஆகஸ்டில்தான், ஆனால் காய்ந்தது வருடம் முழுக்கக் கிடைக்கும். அதைப் பொரித்தால் பெப்பெரோனி க்ருஸ்கி.

ஒரு பண்ணை வீட்டுச் சமையலறையில் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த அம்மாள் மிளகாயைக் கழுவவில்லை, ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. காம்பை ஒடித்து, தலைகீழாகத் தட்டி விதையைக் கொட்டினார். சின்ன வாணலியில் ஆலிவ் எண்ணெய், மிதமான சூடு. ஒவ்வொன்றாகப் போட்டு இடுக்கியால் ஒரு புரட்டு, மூன்று நான்கு வினாடியில் வெளியே எடுத்துவிட்டார். எடுக்கும்போது துவண்டுபோய்க் கிடந்தது. எனக்கு அவசரம், கையை நீட்டினேன். புறங்கையில் ஒரு தட்டு விழுந்தது. ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். ஒரு வினாடி கூடினால் கறுத்துக் கசந்துவிடும் என்று கையைக் காட்டிச் சைகையிலேயே விளக்கினார். கடித்தால் நம் மோர்மிளகாயின் சத்தம் வரும். உப்பும் காரமும் இருக்க வேண்டிய இடத்தில் லேசான இனிப்பும் புகை வாசனையும். பொரித்த எண்ணெயை அவர் ஒதுக்கி வைக்கவில்லை. பழைய ரொட்டியை உதிர்த்து அதில் போட்டுப் பொன்னிறமாக வறுத்தார். வெந்த பாஸ்தாவின் மேல் அந்தத் தூள், அதன் மேல் நொறுக்கிய மிளகாய். பாலாடைக்கட்டி தூவ முடியாத வீடுகளில் ரொட்டித் தூள்தான் அதன் இடத்தில் இருந்தது. இன்று பாலாடைக்கட்டி வாங்க முடிந்தவர்களும் தூளையே தூவிக்கொள்கிறார்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். வசதி வந்த பிறகும் ஒரு சாப்பாடு வீட்டில் தங்குகிறதா, அல்லது ஹோட்டலில் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பாஸ்தா பற்றி ஒரு நல்ல செய்தி. வடக்கே, டஸ்கனியிலும், தாலியாத்தெல்லே, பப்பார்தெல்லே போன்ற புது பாஸ்தாவில் முட்டை சேரும். தெற்கில் வழக்கம் வேறு. ரவை மாவும் தண்ணீரும் மட்டும். காவத்தெல்லி, விரலால் இழுத்துச் செய்யும் ஸ்த்ராஷினாத்தி எல்லாம் அப்படித்தான். அகலமாக வெட்டிய பாஸ்தாவோடு கொண்டைக்கடலை சேர்த்த லாகானே எ செச்சி கட்டாயம் சாப்பிடுங்கள். லத்தீன் கவிஞர் ஹொரேஸ் கி.மு. 65இல் பிறந்த வெனோசா இந்தப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. ரோமில் பெரிய மனிதர்களோடு பழகியவர், வீட்டுக்குப் போய் லீக் கீரையும் கொண்டைக்கடலையும் லாகானமும் சாப்பிடுவதை ஒரு கவிதையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பசிலிக்காத்தாக்காரர்கள் இதை உங்களிடம் எப்படியும் ஒருமுறை சொல்லுவார்கள்.

எச்சரிக்கைகளும் உண்டு. பயறு சூப்பில் ருசிக்காகப் பன்றித் துண்டு போடுவார்கள். சில ரொட்டி, பிஸ்கட் வகைகளில் பன்றிக் கொழுப்பு சேரும், அதற்கு ஸ்த்ருத்தோ என்று பெயர், கேட்டுவிடுங்கள். காய்கறிப் பதார்த்தத்தில் நெத்திலி ஒளிந்திருக்கும். காச்சொகவால்லோ போன்ற பாலாடைக்கட்டிகளை உறைய வைப்பது கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறையைக் கொண்டு. அம்மா அந்த அளவு பார்ப்பவர் என்றால் பாலாடைக்கட்டியை விட்டுவிடுவதே நல்லது. ‘சென்ஸா கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது, ஹாம் என்ற பதப்படுத்திய பன்றித் தொடை அவர்கள் கணக்கில் இறைச்சியில் சேராமல் போகலாம். ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா’ (இறைச்சி, மீன், முட்டை இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். காலையில் காபியும் இனிப்புப் பன்னும்தான், அந்தப் பன்னிலும் முட்டை இருக்கும். ரொட்டியும் தக்காளியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள். அதைத் தவறவிட்டால் ராத்திரி ஏழரை, எட்டு வரை ஊரே தூங்கும்.

மாத்தேராவில் மூன்று இரவு, பிறகு மலைப்பக்கம் ஒரு அக்ரித்துரிஸ்மோவில் மூன்று இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாக விவசாயம் நடக்கும் பண்ணைகள்தான் அந்தப் பெயரில் அறை கொடுக்க முடியும், சட்டம் அப்படி. அங்கிருந்து லெவி வாழ்ந்த அலியானோ போகலாம். செத்தால் இங்கேதான் புதைக்க வேண்டும் என்று அவர் விரும்பிய ஊர், கல்லறையும் அங்கேதான். சுற்றிலும் மழை அரித்த களிமண் மேடுகள், ஒரு புல் முளைக்காது. 1963 நிலச்சரிவில் காலியாகத் தொடங்கிய கிராக்கோவை எல்லோரும் சொல்வார்கள். தலைக்கவசம் மாட்டி அழைத்துப் போவார்கள், எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. தூரத்திலிருந்து பார்த்தாலே போதும். காஸ்தெல்மெட்ஸானோ, பியெத்ராபெர்தோசா என்ற இரண்டு ஊர்கள் கூர்ப்பாறைகளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவே கம்பியில் தொங்கிப் பறக்கலாம், அது உங்கள் தைரியம்.

நீங்கள் போகும் நாட்களில் பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவத் திருநாள் வருகிறதா என்று பாருங்கள், தேதி வருடத்துக்கு வருடம் மாறும். வந்தால் வேறு எதையும் விட்டுவிட்டு அச்செத்தூராவுக்குப் போய்விடுங்கள். அங்கே மரத்துக்கும் மரத்துக்கும் கல்யாணம். ஒரு காட்டில் வெட்டிய நெடிய ஓக் மரத்தை ஜோடி ஜோடியாக மாடு பூட்டி இழுத்து வருவார்கள். இன்னொரு காட்டிலிருந்து முள்ளிலை ஹாலி மரத்தைத் தோளில் தூக்கி வருவார்கள். இரண்டையும் பொருத்தி, புனித ஜூலியன் பெயரில், செவ்வாய்க்கிழமை ஊர் நடுவே நிமிர்த்துவார்கள். அதன் மேல் ஏறவும் ஆள் இருக்கும். மாட்டை அதட்டும் குரலும் பாண்டு வாத்தியமும் ஒயினும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒயின் தொடாதவர்களுக்கு அன்று கொஞ்சம் சங்கடம்தான், வழியெல்லாம் கோப்பையை நீட்டுவார்கள்.

ரோமிலிருந்து பாரி நகரத்துக்கு வேக ரயிலில் நான்கு மணி நேரம் ஆகும். பாரியில் பக்கத்திலேயே இருக்கும் வேறு நிலையத்திலிருந்து சிறிய ரயில் ஒன்று மாத்தேராவுக்குப் போகிறது. ஞாயிறு, விடுமுறை நாட்களில் அட்டவணை வேறு, முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மலை ஊர்களுக்கு பஸ் குறைவு, கார் வேண்டும். ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய ஊர்களுக்குள் வெளியார் வண்டி நுழையத் தடை இருக்கும், காமிரா படமெடுக்கும், அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். வண்டியை வெளியே விட்டுவிட்டு நடங்கள்.

நடப்பது என்றதும் அம்மாவின் முழங்கால். சாஸ்ஸி முழுக்கப் படிதான், கைப்பிடி இல்லாத இடங்களும் உண்டு, மழை பெய்தால் கல் வழுக்கும். அதனால் குகை ஹோட்டல் வேண்டாம். மேல்ஊரில், வித்தோரியோ வெனெத்தோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். சதுக்கத்தை ஒட்டிய வளைவுகளிலிருந்தே சாஸ்ஸி தெரியும், படி இறங்க வேண்டியதில்லை. குகை வீட்டுக்கு நீங்களும் உங்கள் மனைவியும் மாறி மாறிப் போய்வாருங்கள். ஆட்டோ மாதிரி ஒரு மூன்று சக்கர வண்டியில் பழைய ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அம்மாவை அதில் ஏற்றிவிடலாம், ஆனால் பேரம் பேசிவிட்டு ஏறுங்கள்.

அன்புடன்.