அமெரிக்க லிபர்டேரியன்கள் அரசாங்கத்தின் அதிகாரத்தை ஏன் இவ்வளவு சந்தேகிக்கிறார்கள்? வரி கட்ட விரும்பாத பணக்காரர்களின் கொள்கைதானே அது?

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியை நானும் ஒரு காலத்தில் ஏறத்தாழ இதே சொற்களில் நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். நீங்கள் அமெரிக்க அரசியலைத் தொலைக்காட்சி விவாதங்கள் வழியாகப் பார்ப்பவர் என்று எண்ணுகிறேன். அங்கே லிபர்டேரியன், அதாவது தனிமனித உரிமை ஓங்கி அரசின் அதிகாரம் குறைய வேண்டும் என்பவர், என்றாலே வரிக்குறைப்பும் துப்பாக்கி உரிமையும்தான் பேச்சாக இருக்கும். 1971-இல் கொலராடோவில் தொடங்கப்பட்ட அவர்களுடைய கட்சி, மிக அதிக வாக்குப் பெற்ற 2016 அதிபர் தேர்தலிலேயே மூன்று விழுக்காட்டைச் சற்றுத்தான் தாண்டியது. ஆகவே அவர்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றே நானும் இருந்தேன். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் ஒரு நெடுஞ்சாலையோரத்தில் எனக்கு நேர்ந்தது அந்த எண்ணத்தை மாற்றியது.

நானும் மனைவியும் இட்லி மாவும் சிற்றுண்டியும் தயாரித்து விற்கும் சிறு தொழில் நடத்துகிறோம். பழைய வேன் ஒன்று வாங்க அண்டை மாநிலத்துக்குப் புறப்பட்டேன். விற்பவர் ரொக்கமாகத் தரச் சொல்லியிருந்தார். வங்கியிலிருந்து எடுத்த 7,000 டாலர், அதற்கான ரசீதோடு ஓர் உறையில் இருந்தது. சனிக்கிழமைச் சந்தை விற்பனையில் சேர்ந்த 2,200 டாலர் இருபது டாலர் நோட்டுகளாக இருந்தது. கொத்தமல்லிக் கட்டுகளோடு வரும் ரப்பர் பேண்டுகளை மனைவி சேர்த்து வைப்பாள், அவற்றால்தான் அந்தக் கட்டுகளைப் போட்டிருந்தாள். முன்னால் சென்ற லாரியை மிக நெருங்கி ஓட்டினேன் என்று சொல்லிக் காவலர் வண்டியை நிறுத்தினார். உரிமத்தைப் பார்த்தபின், வண்டியில் ரொக்கம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் தொகையைச் சொன்னேன்.

மோப்ப நாய் வந்தது. போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை, கிடைக்க வழியும் இல்லை. ஆயினும் கட்டுகளைக் காரின் முன்மூடியின் மேல் வரிசையாக வைத்து, இப்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவது போதைப்பொருள் வியாபாரிகளின் வழக்கம் என்றார் அவர். என்னைக் கைது செய்யவில்லை. அபராதச் சீட்டுகூட எழுதவில்லை. தொகை குறிப்பிடாமல் 'அமெரிக்க நாணயம்' என்று மட்டும் எழுதிய ஒரு ரசீதைக் கொடுத்து, நான் போகலாம் என்றார். பணம் அவரோடு போயிற்று.

இதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு: சிவில் ஃபர்ஃபீச்சர், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாமலேயே சொத்தைப் பறிமுதல் செய்வது. வழக்கு மனிதன் மீது அல்ல, பொருளின் மீது. 2006-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கின் பெயரே 'அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்' என்பதுதான். குளிர்சாதன லாரி வாங்கக் கொண்டு போன பணம் என்றார் அதை வைத்திருந்தவர். அவர் வண்டியிலும் போதைப்பொருள் இல்லை. பணம் ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளாக இருந்ததையும் நாய் மோப்பம் பிடித்ததையும் பிறவற்றையும் எடுத்துக்காட்டி, அரசு அதை வைத்துக்கொள்ளலாம் என்று மூவரில் இரண்டு நீதிபதிகள் கூறினர். பறிமுதலான தொகை பல மாநிலங்களில் காவல்துறைக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குமே போகிறது. மத்திய அரசின் மூலம் பறிமுதல் செய்தாலும் உள்ளூர்க் காவல்துறைக்கு 80 விழுக்காடு வரை திரும்பி வரும். 2000-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின்னும் மத்தியச் சட்டத்தில் அரசின் கூற்றே அதிகம் பொருந்துகிறது என்ற அளவுக்குச் சான்று இருந்தால் போதும். குற்றவியல் வழக்கில் கேட்பதுபோல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. தன் பொருளைப் பிறர் தவறாகப் பயன்படுத்தியது தனக்குத் தெரியாது என்பதைக்கூட உரிமையாளரே நிரூபிக்க வேண்டும்.

நான் ஏன் போராடவில்லை என்று கேட்பீர்கள். சிவில் வழக்கு என்பதால் அரசு எனக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தராது. நான் கேட்டுப் பார்த்த வழக்கறிஞர் 4,000 டாலர் முன்பணம் கேட்டார். வழக்கைத் தொடராமல் கையெழுத்திட்டால் பாதித் தொகையான 4,600 டாலரைத் திருப்பித் தருவதாக அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வழக்காடி முழுவதும் வென்றாலும் கையில் 5,200 மிஞ்சும். அதிலும் விடுப்பும் பயணமும் போய்விடும். தோற்றால் அத்தனையும் போகும். எங்கள் குடியுரிமை விண்ணப்பமும் அப்போது நிலுவையில் இருந்தது, காவலர் எப்போதாவது தடுத்து வைத்தாரா என்ற கேள்வி அதில் உண்டு. கையெழுத்திட்டேன். தவறு செய்யாதவன், தவறு செய்தவனைப் போல என் பணத்தில் பாதியை விட்டுக்கொடுத்தேன் என்பது இன்றும் ஆறவில்லை.

அதைவிட ஆறாதது நம்மவர்கள் சொன்னது. வாராவாரம் எங்கள் வீட்டில் சாப்பிடும் நண்பர்களே, "வந்த இடத்தில் வம்பு எதற்கு, பணத்தை ஏன் கையில் கொண்டு போனீர்கள்" என்றார்கள். உள்நாட்டில் ரொக்கம் கொண்டு செல்லத் தடை எதுவும் இல்லை. 10,000 டாலருக்கு மேல் அறிவிக்க வேண்டும் என்பது நாட்டு எல்லையைக் கடப்பவர்களுக்கான விதி. படித்தவர்கள் இதைக்கூட விசாரிக்காமல் என்னைக் குற்றவாளியாக்கினார்கள்.

அந்த நாட்களில்தான் இந்தப் பறிமுதலை எதிர்த்து யார் வழக்கு நடத்துகிறார்கள் என்று தேடினேன். இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு, 1991-இல் லிபர்டேரியன்கள் தொடங்கியது, கட்டணம் வாங்காமல் இத்தகைய வழக்குகளை எடுத்து நடத்திவருவதைக் கண்டேன். இந்தியானாவில் ஒருவரிடமிருந்து ஏறத்தாழ 42,000 டாலர் மதிப்புள்ள வண்டியைப் பறித்தார்கள்; அவர் செய்த குற்றத்துக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதமே 10,000 டாலர்தான். மிகையான அபராதத்தைத் தடுக்கும் அரசமைப்புப் பிரிவு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் இடதுசாரிச் சாய்வுள்ள தாராளவாதிகள் போற்றும் நீதிபதி கின்ஸ்பர்க். வழக்கை நடத்தியது அந்த லிபர்டேரியன் அமைப்பு.

அவர்களுடைய சந்தேகத்தை நான் புரிந்துகொண்ட விதம் இது. அதிகாரத்தில் நல்லவர் இருக்கிறாரா, நம் கட்சிக்காரர் இருக்கிறாரா என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினால் யாருக்கு வருமானம், நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் என்று கேட்கிறார்கள். பழைய கேள்விதான் இது. 1761-இல், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாஸ்டனில் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வழக்கறிஞர், எந்த வீட்டிலும் புகுந்து சோதிக்கச் சுங்க அதிகாரிகளுக்கு அளித்த பொது ஆணைகளை எதிர்த்து வாதாடினார். அந்தக் காலத்திலும் கைப்பற்றிய சரக்கில் அதிகாரிகளுக்குப் பங்கு இருந்தது. இன்றைய ஏற்பாட்டை ஒரு கட்சியின் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. பறிமுதல் தொகை மத்திய நீதி அமைச்சகத்தின் தனி நிதியில் சேர வழிவகுத்த 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரீகன். செனட்டில் அதற்காக உழைத்தவர்களில் ஒருவர் பைடன். உள்ளூர்க் காவலர் பறித்ததை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் வழியை ஒபாமாவின் அட்டர்னி ஜெனரல், அதாவது நீதி அமைச்சகத் தலைவர், 2015-இல் பெரும்பாலும் அடைத்தார்; டிரம்பின் அட்டர்னி ஜெனரல் 2017-இல் மீண்டும் திறந்துவிட்டார்.

நான் காவல்துறையை வெறுப்பவன் அல்ல, கடத்தல்காரர்களுக்கு வக்காலத்து வாங்குபவனும் அல்ல. குற்றம் நிரூபிக்கப்பட்டவனின் பணத்தைப் பறிப்பதில் எனக்கு மறுப்பில்லை. லிபர்டேரியன்களின் எல்லாக் கருத்துகளையும் ஏற்றவனாகவும் என்னை எண்ண வேண்டாம்: என் பிள்ளைகள் படித்தது அரசுப் பள்ளியில், அதற்காக நான் கட்டிய வரியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை.

ஆனால் பணக்காரர்களின் கொள்கை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நியூ மெக்சிகோ 2015-இலும் நெப்ராஸ்கா 2016-இலும் மெய்ன் 2021-இலும் சிவில் பறிமுதலை ஒழித்துவிட்டன. எங்கள் மாநிலத்தில், தண்டனை கிடைத்த பின்னரே பறிமுதல் என்ற மசோதா சென்ற கூட்டத்தொடரில் வந்தது. தன்னை லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்ளும் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவரும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். மசோதாவைப் பரிசீலித்த சட்டமன்றக் குழுவின் முன் பேசப் பொதுமக்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஒரு டாக்சி ஓட்டுநரும், பேரன் ஓட்டிச் சென்ற காரை இழந்த ஒரு பாட்டியும். நான் அந்த ரசீதைப் படித்தேன். மனைவி ஒரு ரப்பர் பேண்டை எடுத்து மேசைமேல் வைத்து, அது எந்தக் கீரைக் கட்டிலிருந்து வந்தது என்று சொன்னாள். மசோதா குழுவைத் தாண்டவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் பேச இருவரும் மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறோம்.