இரண்டு சட்டையும் ஒரு சுவர்க் கடிகாரமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். என் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். தமிழ்நாட்டுத் தலைவர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். காமராஜரைப் பற்றி எழுது என்றேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர், வாடகை வீட்டில் வாழ்ந்தவர், சொத்துச் சேர்க்காதவர் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவன், "அம்மா, இரண்டு சட்டை வைத்திருந்தது எப்படி சாதனையாகும்? இங்கே அமைச்சர்களுக்கு நல்ல சம்பளம், வேலையும் ஒழுங்காக நடக்கிறதே" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. இன்னொன்றும் கேட்டான். அவ்வளவு நல்லவர் என்றால் சொந்த ஊரிலேயே ஏன் தோற்றார்? நீங்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஈசூன் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி கேட்டது நல்ல கேள்வி. எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்து அவனைத் திட்டிவிடாதீர்கள். காமராஜரைப் பற்றி நாம் பேசுகிற விதம்தான் அவனை அப்படிக் கேட்க வைத்திருக்கிறது. அவர் பிறந்த நாளான ஜூலை 15 வந்தால் வாட்ஸ்அப்பில் அதே கதைகள்தான் சுற்றுகின்றன. கதர்ச் சட்டை, சென்னைத் திருமலைப் பிள்ளை சாலை வாடகை வீடு, விருதுநகரில் தனியாக வாழ்ந்த தாயார் சிவகாமி அம்மாள். இவற்றை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு, 1954 ஏப்ரலில் இருந்து 1963 அக்டோபர் வரை ஒன்பதரை ஆண்டுகள் அந்த மனிதர் முதலமைச்சராக உட்கார்ந்து என்ன வேலை பார்த்தார் என்பது தெரியாமலே போய்விடுகிறது.

முதலில் அவர் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1903இல் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தார். 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் கைதாகிக் கல்கத்தா அலிப்பூர் சிறைக்குப் போனார். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 9 ஆண்டுகள் சிறைவாசம். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார், முதலமைச்சராகும் வரை பெரும்பாலும் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஊர் ஊராகச் சுற்றியவர். எந்த ஊரில் யார் சொன்னால் நடக்கும், எந்த ஏரிக்கு எங்கிருந்து தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். படிக்காதவர் என்று சொல்கிறோமே, அது பள்ளிக்கூடப் படிப்பு மட்டும்தான்.

பதவிக்கு வந்ததும் அவர் அமைத்தது 8 பேர் கொண்ட அமைச்சரவை. தலைமைக்குத் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவர் பக்கம் நின்ற பக்தவத்சலத்தையும் அதிலேயே சேர்த்துக்கொண்டார். ராஜாஜி கொண்டுவந்த, அரை நாள் பள்ளி அரை நாள் குடும்பத் தொழில் என்ற திட்டம் மாகாணத்தையே கொதிக்க வைத்திருந்த நேரம் அது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் 1954லேயே கைவிடப்பட்டது. கைவிடுகிறோம் என்று அறிவித்தவர் கல்வி அமைச்சராக இருந்த அதே சி. சுப்பிரமணியம். எதிராளியின் திறமையைத் தூர எறியாமல், அவர் கையாலேயே ஒரு சிக்கலை அவிழ்த்தது எனக்குச் சட்டைக் கதைகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் பள்ளிகள். ஒரு மைல் தூரத்துக்குள் ஒரு தொடக்கப்பள்ளி இருக்க வேண்டும் என்பது திட்டம். பள்ளி திறந்தால் மட்டும் போதாதே, மாடு மேய்க்கிற பிள்ளை எப்படி வரும்? ஒரு வேளைச் சோறு போட்டால் வரும். பள்ளியில் சாப்பாடு போடுவது புதிய யோசனை இல்லை. 1920லேயே நீதிக்கட்சியின் தியாகராயச் செட்டியார் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி வைத்ததுதான். ஆனால் மாகாணம் முழுக்க, பட்டிதொட்டியெல்லாம் போடுவது என்றால் பணம்? அரசிடம் அவ்வளவு பணம் இல்லை. 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தபோது முதலில் ஊர்க்காரர்களிடம்தான் கையேந்தினார்கள். பிறகு அரசும் ஊரும் செலவைப் பகிர்ந்துகொண்டன. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதற்காக ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமில்லை. 1950களின் கடைசியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஊர் ஊராக நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, ஓட்டுக்கூரை, சீருடை என்று ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தேவைப் பட்டியல். ஆளுக்கொன்றாக ஊரார் ஏற்றுக்கொள்வார்கள்.

அந்தப் பட்டியல் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக் கிராமம் எங்களுடையது. அப்பா இங்கே செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவின் கடிதம் வந்தால் பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் கொண்டுபோக வேண்டும். புருஷன் பெண்டாட்டி சங்கதியையெல்லாம் அந்நிய மனிதர் உரக்கப் படிக்க, அம்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

அப்பா வசூலுக்குப் பணம் கொடுக்கிற ஆள் இல்லை. முன்பு ஒருமுறை ஊர்ப் பொதுக்காரியம் என்று சொல்லி வாங்கிய பணம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அதிலிருந்து யார் கேட்டாலும் மறுத்துவிடுவார். அப்படிப்பட்டவர், பள்ளிக்கூடப் பட்டியலில் சுவர்க் கடிகாரம் இருந்ததைக் கேள்விப்பட்டு, சிராங்கூன் சாலையில் ஒன்று வாங்கி, கைலியில் சுற்றி, ரஜூலா கப்பலில் மடியில் வைத்துக்கொண்டே ஊருக்குக் கொண்டுவந்தார். அம்மா திகைத்துப் போய்க் காரணம் கேட்டாராம். "காமராஜ் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தா பள்ளிக்கூடத்துக்குத்தான் போய்ச் சேரும்" என்றாராம் அப்பா.

தம்பியின் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். சட்டை இரண்டா இருபதா என்பது அவருடைய சொந்த விஷயம். அந்த எளிமையை நம்பி, தன் வேர்வைக் காசை ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளி கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். காசில்லாத அரசுக்கு அந்த நம்பிக்கையே முதலாக இருந்தது. அது இல்லையென்றால் பல ஊர்களில் சோற்றுக்கு அரிசி சேர்ந்திருக்காது. சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அமைச்சர்களுக்குத் தனியார் துறையோடு ஒப்பிட்டுச் சம்பளம் என்று 1994இல் வெள்ளை அறிக்கையே வந்தது. தப்புச் செய்தால் பிடிக்க லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952இல் இருந்தே இருக்கிறது. இரண்டு இடங்களிலும் பார்த்த வேலை ஒன்றுதான்: பொதுப்பணம் திருடு போகாது என்று மக்களை நம்ப வைப்பது. சம்பளம் கொடுத்தும் நம்பிக்கை வராத நாடுகள் இருக்கின்றன. எளிமையாக வாழ்ந்தும் எதுவும் செய்யாமல் போன தலைவர்களும் இருந்திருக்கிறார்கள். காமராஜரிடம் எளிமையும் வேலையும் சேர்ந்து இருந்தன. கட்டுரையில் வைகை அணை, சாத்தனூர் அணை, நெய்வேலி, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, கிண்டி தொழிற்பேட்டை எல்லாம் வரட்டும். மத்திய அரசின் திட்டங்களும் அதில் உண்டு, எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்ற வேண்டாம். பள்ளிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி. 1963இல் கட்சி வேலைக்காகத் தானே பதவியை விட்டுப் போனார். காமராஜ் திட்டம் என்று அதற்குப் பெயர். பிறகு காங்கிரசின் அகில இந்தியத் தலைவராகி, நேருவுக்குப் பின் சாஸ்திரியையும், சாஸ்திரிக்குப் பின் இந்திரா காந்தியையும் பிரதமராக்கியதில் அவர் பங்கு பெரிது. ஆனால் அவர் போனது தமிழ்நாட்டுக்கு நஷ்டம் என்றே நான் நினைக்கிறேன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள் மீது குண்டு பாய்ந்தது. அரிசிக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். ஊரின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர் தில்லி விவகாரங்களில் இருந்தார். 1967இல் விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அப்போது தெருவில் இறங்கிய மாணவர்களில் பலர், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவர் திறந்துவிட்ட கதவு வழியாக வந்த பிள்ளைகள் தங்கள் மொழிக்காக அவர் கட்சியையே எதிர்த்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் காலமானார்.

எங்கள் அக்கா 1958இல் வீட்டிலிருந்து அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனார். மூன்றாம் வகுப்பு வந்ததும் அப்பாவின் கடிதங்களை அம்மாவுக்கு அவரே படித்துக் காட்டினார். அதற்கப்புறம் அம்மா பக்கத்துத் தெருவுக்குப் போகவே இல்லை. பள்ளிக் கட்டடம் இப்போது மாறிவிட்டது, கடிகாரமும் இல்லை. அக்கா கோவில்பட்டியில் இருக்கிறார். தம்பிக்கு விருப்பமானால் வாட்ஸ்அப் அழைப்பில் பேச வைக்கிறேன். ஊர் நேரம் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அதுவரை நாளிதழை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்.