ஈபே ஏலத்தில் வாங்க வந்தவர் யார், வேடிக்கை பார்ப்பவர் யார்? கேள்வி பதில்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் உட்கார்ந்துகொண்டு பத்து வருடத்துக்கும் மேலாகப் பழைய ஃபிலிம் கேமராக்களை ஈபே ஏலத்தில் விற்று வருகிறேன். ஏலத்தில் போட்ட பொருளுக்கு ஆள் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் சுற்றிச் சுற்றி எல்லாரும் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அக்கா, ஒலிம்பஸ் டிரிப் 35 கேமரா ஒன்று போட்டிருக்கிறேன். 23 பேர் வாட்ச் பண்ணுகிறார்கள் (தங்கள் பட்டியலில் குறித்து வைத்திருக்கிறார்கள்), இரண்டு நாள்தான் பாக்கி, ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. எடுத்துவிடட்டுமா?

எடுக்காதீர்கள். அந்த 23 பேரில் பலர் வாங்க வந்தவர்களே இல்லை. வீட்டில் அதே கேமரா இருப்பதால் என்ன விலைக்குப் போகிறது என்று பார்ப்பவர்கள், குறித்து வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் எல்லாரும் அதில் சேர்த்தி (நானே இப்போது நாற்பது கேமராவை வாட்ச் பண்ணிக்கொண்டிருக்கிறேன், ஒன்றையும் வாங்கப்போவதில்லை). மீதிப் பேர் கடைசிப் பத்து விநாடிக்காகக் காத்திருக்கிறார்கள். ஈபே ஏலம் குறித்த நேரத்துக்கு டக்கென்று முடிந்துவிடும், அதனால் முதல் நாளே கேட்டு விலையை ஏற்றிவிட அனுபவப்பட்டவருக்கு மனசு வராது. அமேசான் முன்பு நடத்திய ஏலத்தில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் இன்னும் பத்து நிமிடம் நீளும். இந்த இரண்டையும் ஒப்பிட்டு ராத், ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடைசி நேரத்தில் கேட்பது ஈபேயில்தான் அதிகம் என்று அதில் தெரிந்தது.

வாட்ச் எண்ணிக்கையைவிட நான் நம்புவது வருகிற கேள்விகளைத்தான். "லென்ஸைக் கையால் மூடி ஷட்டரை அழுத்தினால் சிவப்புக் கொடி எழும்புகிறதா?" என்று ஒருவர் கேட்டால் அவருக்கு டிரிப் 35 தெரியும், அதன் ஒளி மீட்டர் செத்திருக்குமோ என்று பயப்படுகிறார், வேலை செய்தால் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஒரு கேள்வி பத்து வாட்சுக்குச் சமம். பதிலை அவருக்கு மட்டும் அனுப்பாமல் ஏலப் பக்கத்தில் உள்ள விவரத்திலும் சேர்த்துவிடுங்கள்.

99 பென்னியில் ஆரம்பிப்பதா, எனக்கு வேண்டிய விலையிலேயே ஆரம்பிப்பதா?

வாங்க எத்தனை பேர் வருவார்கள் என்பதைப் பொறுத்தது. இதில் பலருக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது: விலையை முடிவு செய்வது ஜெயிப்பவர் இல்லை, இரண்டாவது ஆள். ஒருவர் 80 பவுண்டு வரை போகத் தயார், அடுத்தவர் 45-க்கு மேல் வரமாட்டார் என்றால் கேமரா 45-க்கு ஒரு படி மேலே முடிந்துவிடும். முதல் ஆளுடைய 80 உங்கள் கண்ணுக்கே தெரியாது. டிரிப் 35 மாதிரிப் பலரும் தேடுகிற பொருளுக்கு இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் எல்லாம் தானாக வருவார்கள், குறைவாக ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு சேகரிப்பாளர்தான் தேடுவார் என்கிற மாதிரி ஏதாவது விசித்திர லென்ஸ் என்றால் ஏலமே வேண்டாம், நிலையான விலை போட்டு, பேரம் பேச இடம் விடுங்கள்.

போடுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

தேடல் பக்கத்தில் "விற்றவை" மட்டும் காட்டு என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. இப்போது ஏலத்தில் இருப்பவற்றின் விலை வெறும் ஆசை, அதைப் பார்க்காதீர்கள். விற்றவற்றைப் பார்த்த கையோடு, முடிந்தும் விற்காமல் போனவற்றையும் பாருங்கள். ஜெனிட்-இ கேமரா சோவியத் காலத்தில் லட்சக்கணக்கில் செய்தது, அதைத் தேடினால் நான் சொல்வது உடனே புரியும்.

முதல் நாளே 15 பிட் (ஏலக் கேட்பு) விழுந்துவிட்டது அண்ணி! சந்தோஷப்படலாமா?

எத்தனை பிட் என்று எண்ணாதீர்கள், எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவர் மறைவாக வைத்த அதிகபட்ச விலையை (அதுவரை அவருக்காக ஈபேயே ஏற்றிக் கேட்கும்) எட்டிப் பார்க்க இன்னொருவர் ஒவ்வொரு பவுண்டாக ஏற்றிக்கொண்டே போனால் இரண்டு பேரிலேயே 15 வந்துவிடும்.

என் மச்சானை விட்டு ஒரு நாலு தடவை கேட்க வைத்தால்?

வேண்டாம் தம்பி. பிரிட்டனில் இது குற்றம். தன் மினிபஸ்ஸுக்குத் தானே வேறு பெயரில் ஏலம் கேட்டவருக்கு 2010-ல் பிராட்ஃபோர்ட் நீதிமன்றம் அபராதம் போட்டு, சமூகப் பணியும் செய்ய வைத்தது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், மச்சான் உள்ளே புகுந்துவிட்டால் நிஜமான இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அப்புறம் மச்சானே ஜெயித்துவிட்டால் கேமரா உங்கள் அலமாரிக்கே திரும்பி வரும்.

"இப்போதே 60 தருகிறேன், ஏலத்தை நிறுத்திவிடுங்கள்" என்று ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார்.

நல்ல சகுனம், ஆனால் அவருக்கு. உங்கள் படத்தில் நீங்கள் கவனிக்காத எதையோ அவர் பார்த்திருக்கிறார். லென்ஸில் எழுதியிருப்பதை எழுத்து விடாமல் படித்து, விற்றவற்றில் மறுபடி தேடுங்கள். ஏலம் அதுபாட்டுக்கு ஓடட்டும், அவருக்கு நிஜமாகவே வேண்டும் என்றால் கடைசி நிமிடத்தில் வருவார். தளத்துக்கு வெளியே பணம் தருகிறேன் என்றால் பதிலே போடாதீர்கள்.

சென்னையிலிருந்து: தாத்தா வைத்திருந்த 1900-ஆம் வருட வெள்ளி நாணயங்களை வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள், தனியார் அதை இந்தியாவை விட்டு வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டில் எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் உங்கள் கணக்கில் அது பூஜ்யம்.

ஜெயித்தவர் பணம் கட்டவே இல்லை. மறுபடி முதலிலிருந்தா?

அவசியமில்லை. அந்த விற்பனையை ரத்து செய்துவிட்டு இரண்டாவது ஆளுக்கு "இரண்டாம் வாய்ப்பு" அனுப்பலாம், அவர் கேட்ட அதிகபட்ச விலைக்கே. முடிந்த ஐந்தாவது நிமிடம் அனுப்பினால் மச்சான் வேலையோ என்று சந்தேகப்படுவார், அதனால் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.