வயிற்றில் ஒளிப்புள்ளி இருந்தாலே அது லாந்தர் மீனா?

கேள்வி: நான் முதுகலை விலங்கியல் மாணவி. ஆழ்கடல் இறால் இழுவலையில் விழுந்த கழிவு மீன்களிலிருந்து வயிற்றில் முத்துப் போன்ற புள்ளிகள் கொண்ட, ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமுள்ள முப்பது சிறு மீன்களைப் பிரித்தெடுத்துப் பனிக்கட்டியில் வைத்திருக்கிறேன். இவை எல்லாம் லாந்தர் மீன்கள்தாமா என்று எப்படி உறுதிசெய்வது? இனம் வரை அடையாளம் காண முடியுமா? எப்படிப் பதப்படுத்துவது?

பதில்: மீன்கள் பனிக்கட்டியில் இருப்பதால் உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். லாந்தர் மீனின் செதில்கள் விரல் பட்டாலே உதிரக்கூடியவை. செதிலோடு தோலும், தோலோடு ஒளியுறுப்புகளும் போய்விடும். எனவே மீனைத் துணியால் துடைக்காமல், தட்டில் நீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டு, இரண்டு பக்கங்களையும் அளவுகோலுடன் படமெடுங்கள். மரபணு ஆய்வுக்குத் தேவையென்றால், வலப்பக்கத் தசையில் ஒரு சிறு துண்டை வெட்டி 95 சதவீத எத்தனாலில் இடுங்கள்; இடப்பக்கத்தைத் தொடாமல் விடுவது வகைப்பாட்டாளர்களின் வழக்கம். இவ்விரண்டும் முடிந்த பிறகே பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினை எடுக்க வேண்டும்.

இனி முதல் கேள்வி. புள்ளிகளை மட்டும் வைத்துக் குடும்பத்தை முடிவுசெய்ய முடியாது. பகலிலும் மங்கிய நீல ஒளி மட்டுமே எட்டும் நடுக்கடல் ஆழத்தில், கீழிருந்து பார்க்கும் வேட்டை மீனின் கண்ணுக்கு மேலே நீந்தும் சிறுமீன் கருநிழலாகத் தெரியும். மேலிருந்து வரும் ஒளிக்குச் சமமான ஒளியைத் தன் வயிற்றிலிருந்து வெளியிட்டால் அந்த நிழல் மறைந்துவிடும். இந்த ஒரே தேவைக்காக, நெருங்கிய உறவில்லாத மீன் பிரிவுகளில் ஒளியுறுப்புகள் தனித்தனியே தோன்றியுள்ளன. ஆகவே உங்கள் பனிக்கட்டிப் பெட்டியில் லாந்தர் மீன்களான மிக்டோஃபிடே குடும்பத்தாருடன், தூரிகைவாய் மீன்களான கோனோஸ்டொமாட்டிடே குடும்பத்தாரும், கோடரி வடிவ ஸ்டெர்னாப்டிக்கிடே குடும்பத்தாரும் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. கோடரி மீனை அதன் ஒட்டிய, உயரமான, வெள்ளித் தகடு போன்ற உடலைக் கண்டே பிரித்துவிடலாம். குழப்பம் தருபவை மற்றவையே.

அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது தாடை. உருப்பெருக்கிக்கு அடியில் மீனின் வாயை ஊசியால் மெல்லத் திறந்து, மேல்வாயின் விளிம்பைப் பாருங்கள். லாந்தர் மீனில் அந்த விளிம்பு முழுவதும் முன்மேல்தாடை எலும்பால் ஆனது. அதன் பின்னால் படிந்திருக்கும் மேல்தாடை எலும்பில் பல் இராது, அது வாய் விளிம்பிலும் சேராது. தூரிகைவாய் மீன்களிலும் அவற்றின் உறவினர்களிலும் மேல்தாடை எலும்பே வாய் விளிம்பின் பெரும்பகுதியாக அமைந்து, நுண்பற்களைத் தாங்கி நிற்கும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையிலுள்ள சிறு சதைத் துடுப்பான கொழுப்புத் துடுப்பைத் தேடும்படி பல கையேடுகள் சொல்கின்றன. லாந்தர் மீன்களுக்கு அது உண்டு, சைக்ளோத்தோன் என்னும் தூரிகைவாய்ப் பேரினத்துக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் தூரிகைவாய் மீன்களின் உறவினரான வின்சிகுவேரியா பேரினத்துக்கும் கொழுப்புத் துடுப்பு இருப்பதால், நான் தாடையையே முதலில் நம்புவேன். கண்ணும் துணைக்கு வரும்: லாந்தர் மீனின் கண் தலையோடு ஒப்பிட்டால் பெரியது, சைக்ளோத்தோனின் கண்ணோ குண்டூசித் தலையளவே.

இன்னும் ஒரு படி உண்டு. லாந்தர் மீன்களுக்கு மிக நெருங்கிய குடும்பமான நியோஸ்கோபெலிடேக்கும் இதே தாடை அமைப்புதான். அவற்றில் குதத் துடுப்பு, முதுகுத் துடுப்புக்கு வெகுவாகப் பின்தள்ளித் தொடங்கும். லாந்தர் மீனில் அது முதுகுத் துடுப்பின் அடிப்பகுதிக்கு நேர் கீழேயோ சற்றுப் பின்னாலோ தொடங்கிவிடும். நியோஸ்கோபெலஸ் பேரினத்தில் நாக்கின் ஓரத்திலும் ஒளியுறுப்புகள் உண்டு. வாயைத் திறந்த கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

இனம் வரை போக முடியும் என்பது என் துணிவு. இந்தக் குடும்பத்தில் சுமார் 33 பேரினங்களும் 250 இனங்களும் உள்ளன. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் புள்ளிகளின் அமைப்பு வேறு. குடும்பத்தை முடிவுசெய்ய உதவாத அதே புள்ளிகள் இங்கேதான் முதன்மைச் சான்றாகின்றன. அவற்றைத் தொகுதி தொகுதியாக எண்ண வேண்டும்: மார்பு வரிசை, வயிற்று வரிசை, குதத் துடுப்பை ஒட்டிய வரிசை, குதத்துக்கு மேலுள்ள மூன்று புள்ளிகள், வால் துடுப்புக்கு முந்திய புள்ளிகள் எனத் தலையிலிருந்து வால் நோக்கிச் செல்லுங்கள். குத வரிசை இடைவெளி இன்றித் தொடர்கிறதா, இரண்டாகப் பிரிகிறதா என்று குறியுங்கள். எலக்ட்ரோனா பேரினத்தில் அது தொடர்ச்சியாக இருக்கும். குதத்துக்கு மேலுள்ள மூன்றும் மிக்டோஃபம் பேரினத்தில் நேர்கோட்டிலோ சிறிதே வளைந்தோ இருக்கும், சிம்போலோஃபோரஸில் கூர்ந்த கோணமாக மடங்கும். மூக்கருகே முகப்பு விளக்கு போன்ற பெரிய ஒளியுறுப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் டயாஃபஸ். இக்குடும்பத்தில் மிகுதியான இனங்களைக் கொண்ட பேரினம் அதுவே.

வலையில் உரசிய மீனில் ஒரு பக்கப் புள்ளிகள் அழிந்திருந்தால் மறுபக்கத்தைப் பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால், அதே அளவுள்ள நான்கைந்து மீன்களைப் பக்கத்தில் வைத்து விடுபட்டவற்றை நிரப்பலாம். நன்றாக எஞ்சிய ஓர் ஒளியுறுப்பை இருபது மடங்கு பெருக்கிப் பார்த்தால் அதன் கட்டமைப்பு விளங்கும்: பின்னால் கருநிறமிக் கிண்ணம், அதன் உட்புறம் வெள்ளிப் பூச்சு, நடுவே ஒளிதரும் திசு, மேலே வில்லையாகத் தடித்த ஒரு செதில். நான் எத்தனையோ முறை பார்த்தும் அலுக்காத காட்சி அது.

வால் துடுப்புக்கு முந்திய குறுகிய பகுதியான வால் தண்டையும் விட்டுவிடாதீர்கள். மிக்டோஃபம் போன்ற பேரினங்களில் ஆணுக்கு வால் தண்டின் மேற்புறத்திலும் பெண்ணுக்குக் கீழ்ப்புறத்திலும் வெண்ணிற ஒளிச்சுரப்பி இருக்கும். வயிற்றைக் கிழிக்காமலே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். எல்லாப் பேரினங்களுக்கும் இது பொருந்தாது.

இருட்டறையில் இவை ஒளிராததைக் கண்டு ஐயப்பட வேண்டாம். லாந்தர் மீனின் ஒளி அதன் சொந்த உடல் வேதிவினை. அதை இயக்குவது நரம்பு. மீன் இறந்தபின் விளக்கு அணைந்துவிடும். சேமித்த மீன் சில நாள் கழித்து உடலெங்கும் மங்கலாக ஒளிர்ந்தால், அது மேலே வளர்ந்த பாக்டீரியாவின் ஒளி.

மாதிரியோடு வைக்கும் சீட்டில் இடத்தை மட்டும் எழுதாமல், வலை இறங்கிய நேரம், ஏறிய நேரம், இழுத்த ஆழம் ஆகியவற்றைப் படகுக்காரர்களிடம் கேட்டு எழுதுங்கள். லாந்தர் மீன்களில் பெரும்பாலானவை பகலில் 300 முதல் 1,200 மீட்டர் ஆழத்தில் தங்கி, இரவில் மேல் 100 மீட்டருக்குள் ஏறி, மிதவை உயிரிகளைத் தின்றுவிட்டு விடியுமுன் இறங்குபவை. இரண்டாம் உலகப்போரின்போது ஒலியின் எதிரொலியால் ஆழம் அறியும் சோனார் கருவியை இயக்கியவர்கள், கடற்தரையே இல்லாத ஆழத்தில் ஒரு போலித் தரை எதிரொலிப்பதையும், அது மாலையில் மேலெழுவதையும் கண்டு திகைத்தார்கள். அந்த எதிரொலி அடுக்கில் இம்மீன்களுக்கும் அவற்றின் காற்றுப்பைகளுக்கும் பெரும் பங்குண்டு. நேரம் எழுதப்படாத லாந்தர் மீன் மாதிரி, அதன் வாழ்வில் பாதியை இழந்த மாதிரி.

இனிப் பதப்படுத்தல். ஒரு பங்கு வணிக ஃபார்மலினுடன் ஒன்பது பங்கு நீர் சேர்த்து, கட்டாயமாக வெண்காரம் கலந்து அமிலத்தன்மையைத் தணியுங்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறையுடன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு வாரம் ஊறிய பின், நீரில் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். தணிக்காத ஃபார்மலின், மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லைக் கரைத்துவிடும். சில மில்லிமீட்டர் அளவேயுள்ள அந்தச் சுண்ணாம்புக் கல்லின் வடிவமும் இனத்துக்கு இனம் வேறுபடும். வேட்டை மீன்களின் இரைப்பையில் லாந்தர் மீன்களை அடையாளம் காண ஆய்வாளர்கள் அதையே நாடுகிறார்கள். என் தொடக்க காலத்தில் பழைய ஃபார்மலினில் ஒரு முழுத் தொகுப்பின் செவிக்கற்களையும் இழந்திருக்கிறேன். அந்த இழப்பு உங்களுக்கு நேரக்கூடாது என்பதால், ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று மீன்களையாவது ஃபார்மலினே படாமல் எத்தனாலில் தனியே வையுங்கள்.

புள்ளி இல்லை என்று நீங்கள் ஒதுக்கிய மீன்கள் இன்னும் கைவசம் இருந்தால், அவற்றையும் ஒருமுறை தாடை திறந்து பாருங்கள். தோல் உரிந்து புள்ளி இழந்தவை அதில் நிச்சயம் சில இருக்கும். டானிங்கிக்திஸ் பாரோலிக்னஸ் என்ற லாந்தர் மீனுக்கோ இயல்பிலேயே ஒளிப்புள்ளி வரிசைகள் கிடையாது.